வலைச் செயலியின் கட்டமைப்பைத் தீர்மானிப்பது எப்படி: தரவிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய வலைச் செயலி ஒன்றைத் தொடங்கும் குழுக்களில் முதல் வாரப் பேச்சு பெரும்பாலும் எந்த ஃபிரேம்வொர்க் (நிரலுக்கான ஆயத்த அடித்தளம்), எந்த கிளவுட் (வாடகைக் கணினிச் சேவை), மைக்ரோசர்வீஸ் (செயலியைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாகப் பிரிப்பது) வேண்டுமா வேண்டாமா என்பதைச் சுற்றியே ஓடுகிறது. தரவு எந்த வடிவத்தில் சேமிக்கப்படும் என்ற கேள்வி கடைசியில், அவசர அவசரமாக முடிக்கப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. ஃபிரேம்வொர்க்கை மாற்றுவதில் சிரமம் உண்டு. ஆனால் உட்கார்ந்து வேலை செய்தால் முடிந்துவிடும். தவறான வடிவத்தில் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த தரவு அப்படியல்ல. பதிவாகாமலே போன தகவலை எவ்வளவு திறமையான பொறியாளராலும் மீட்க முடியாது.

அதனால் பின்னால் மாற்றுவதற்கு எது கடினமோ அதை முதலில், நேரம் செலவிட்டுத் தீர்மானிக்க வேண்டும். எளிதாக மாற்றக்கூடியதை விரைவாக முடிவு செய்யலாம், அல்லது தள்ளிப்போடலாம். கீழே உள்ள படிகள் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு செயலியை எடுத்துக்கொள்கிறேன்: மருத்துவரிடம் நேரம் முன்பதிவு செய்யும் செயலி. நோயாளி காலியாக உள்ள நேரத்தைப் பார்க்கிறார், பதிவு செய்கிறார், கட்டணம் செலுத்துகிறார், நினைவூட்டல் பெறுகிறார், சில சமயம் ரத்து செய்கிறார். சிறிய வேலையாகத் தெரிந்தாலும் வலைச் செயலிகளின் கடினமான கேள்விகளில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கின்றன.

படி 1: தேவையை எழுதுங்கள், கணக்குப் போடுங்கள்

"லட்சக்கணக்கானோர் பயன்படுத்துவார்கள்" என்ற ஒரு வாக்கியம் பல தேவையற்ற சிக்கல்களுக்குக் காரணமாகிறது. அதை எண்ணாக மாற்றிப் பாருங்கள். ஒரு நாளில் ஒரு லட்சம் பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 20 கோரிக்கைகள் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 லட்சம் கோரிக்கைகள். ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருப்பதால் சராசரி விநாடிக்குச் சுமார் 23. கூட்டம் அதிகமான நேரத்தில் அது பத்து மடங்காகும் என்று கொண்டாலும் விநாடிக்கு 230தான். சரியான இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் அகராதி போன்ற அமைப்புகள்) உள்ள ஒரு சாதாரணத் தரவுத்தள சர்வர் இதை அலட்டிக்கொள்ளாமல் கையாளும்.

சேமிப்பையும் இப்படியே கணக்கிடலாம். ஒரு முன்பதிவுக்கு 500 பைட், நாளுக்கு 30,000 முன்பதிவுகள் என்றால் நாளுக்கு 15 மெகாபைட், ஆண்டுக்கு ஐந்தரை கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. பல ஆண்டுகளின் தரவு ஒரே இயந்திரத்தின் நினைவகத்தில் அடங்கிவிடும். இந்தச் செயலிக்குத் தரவுத்தளத்தைப் பல இயந்திரங்களில் துண்டு போட்டு வைக்கும் திட்டம் தேவையில்லை என்பது ஒரு வரி எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். பயனருக்கும் சர்வருக்கும் இடையே 10,000 கிலோமீட்டர் இருந்தால், போய்வரக் குறைந்தது 100 மில்லிவிநாடி ஆகும். எந்த நிரலாக்கத் திறமையாலும் அதைக் குறைக்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அழைப்புகள் செய்யும் பக்கம் அங்கேயே அரை விநாடியை இழந்துவிடுகிறது. செயலி சர்வரும் தரவுத்தளமும் அருகருகே இருக்க வேண்டும், பிரவுசரிலிருந்து வரும் அழைப்புகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்க வேண்டும் என்ற இரண்டு முடிவுகளும் இதிலிருந்தே கிடைக்கின்றன.

எண்களுக்குப் பிறகு, எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். நம் செயலிக்கு நான்கு போதும். ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுக்கவே கூடாது. ஒருவரின் மருத்துவ விவரம் இன்னொருவருக்குத் தெரியவே கூடாது. நினைவூட்டல் ஐந்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை. மருத்துவர் பட்டியல் ஒரு நிமிடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இனி வரும் முடிவுகளில் பாதியை இந்த நான்கு வாக்கியங்களே எடுத்துவிடும்.

படி 2: தரவின் வடிவம்

தரவை வரிசைகளும் (ஒவ்வொன்றும் ஒரு பதிவு) புலங்களும் கொண்ட அட்டவணைகளில் வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்திலிருந்து தொடங்குங்கள். கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த அந்த மாதிரி இன்றும் முதல் தேர்வாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு: நாளை என்ன கேள்வி கேட்பீர்கள் என்று இன்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆவணத் தரவுத்தளத்தில் எந்த வடிவத்தில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த வடிவத்திலேயே சேமிப்பது வழக்கம். வாசிக்கும் முறை மாறினால் சேமித்ததை மறுபடி அடுக்க வேண்டும். புதிய செயலியில் வாசிக்கும் முறை மாதம்தோறும் மாறும். சில புலங்கள் ஒழுங்கற்றவையாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் என்ற உறவுமுறைத் தரவுத்தளம் 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்தே அத்தகைய தரவை வைக்க ஜேசான்பி வகையைத் தருகிறது. அதற்காகத் தரவுத்தளத்தையே மாற்ற வேண்டியதில்லை.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருவோம்: ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுக்கக் கூடாது. பலரும் எழுதும் நிரல் இப்படி இருக்கும்: அந்த நேரத்தில் முன்பதிவு இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் புதிய வரிசையைச் சேர். வாசிக்கும்போது குறை எதுவும் கண்ணில் படாது. இரண்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தும்போது நடப்பதைப் பாருங்கள். முதல் கோரிக்கை தேடுகிறது, "இல்லை" என்று பதில் வருகிறது. மூன்று மில்லிவிநாடி கழித்து இரண்டாவது தேடுகிறது. முதலாவது இன்னும் எழுதி முடிக்கவில்லை, அதனால் அதற்கும் "இல்லை" என்றே பதில். இருவரும் சேர்க்கிறார்கள், இருவருக்கும் உறுதிச் செய்தி போகிறது. சோதனைச் சூழலில் ஒருவர் மட்டுமே அழுத்துவதால் இந்தப் பிழை தலைகாட்டுவதே இல்லை.

இரண்டு கட்டளைகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் (முழுவதும் நடக்கும், அல்லது எதுவும் நடக்காத கட்டளைத் தொகுதிக்குள்) வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆகாது. போஸ்ட்கிரெஸின் இயல்பான தனிமை நிலை (ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கலாம் என்ற விதி) ரீட் கமிட்டெட். அதில் மற்றவர் இன்னும் உறுதிசெய்யாத வரிசை உங்களுக்குத் தெரியாது, இருவரும் வெவ்வேறு புதிய வரிசைகளைச் சேர்ப்பதால் மோதலும் வராது. நிரலுக்குள் ஒரு பூட்டு வைப்பது ஒரே ஒரு சர்வர் இருக்கும்வரை மட்டுமே வேலை செய்யும். இரண்டாவது சர்வரைச் சேர்க்கும் நாளில் அது உடையும்.

தீர்வு தரவுத்தளத்திடமே இருக்கிறது: மருத்துவர் எண், தொடக்க நேரம் இரண்டும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்ற யூனிக் கட்டுப்பாடு. அதன்பின் தேடவே வேண்டாம், நேராகச் சேருங்கள். தோற்பவருக்கு வரும் பிழையைப் பிடித்து, "இந்த நேரம் இப்போதுதான் நிரம்பியது" என்று சொல்லி மோதலைக் குறிக்கும் 409 என்ற எச்டிடிபி (பிரவுசரும் சர்வரும் பேசும் நெறிமுறை) நிலைக்குறியைத் திருப்பி அனுப்புங்கள்.

உடனே அடுத்த கேள்வி எழும். ரத்து செய்த முன்பதிவு அட்டவணையில் வரலாறாக இருக்க வேண்டும். ஆனால் அதே நேரத்தை வேறொருவர் எடுக்க யூனிக் கட்டுப்பாடு தடையாக நிற்கும். இதற்குப் பகுதி இண்டெக்ஸ் இருக்கிறது: நிலை "உறுதி" அல்லது "காத்திருப்பு" என உள்ள வரிசைகளுக்கு மட்டும் தனித்துவம் கேட்கலாம். ஒருவருக்கு 15 நிமிடம், இன்னொருவருக்கு 40 நிமிடம் என்று நேரம் மாறினால் தொடக்க நேரத்தை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. நேர இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. அதற்கு போஸ்ட்கிரெஸில் விலக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒரு விதியை எந்தச் சூழ்நிலையிலும் மீறக்கூடாது என்றால், அதைத் தரவுக்கு மிக அருகில் உள்ள அடுக்கில் வையுங்கள். நாளை இன்னொரு நிரலோ, ஒருமுறை மட்டும் ஓடும் ஸ்கிரிப்டோ அதே அட்டவணையில் எழுதினாலும் விதி நிற்கும்.

நேரத்தைச் சேமிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "எல்லாவற்றையும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வை" என்ற அறிவுரை நடந்துமுடிந்த நிகழ்வுகளுக்கு முற்றிலும் பொருந்தும். எதிர்கால முன்பதிவுக்கு அது போதாது. அடுத்த ஆண்டு ஒரு நாள் காலை 10 மணி என்று மருத்துவர் ஒப்புக்கொண்டது சுவர்க் கடிகாரத்தின் 10 மணியை. இடையில் அந்த நாட்டு அரசு கோடைக்கால நேர விதியை மாற்றினால், முன்பே யூடிசிக்கு மாற்றிவைத்த நேரம் ஒரு மணி நேரம் தவறிவிடும். எனவே உள்ளூர் நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்துச் சேமியுங்கள். யூடிசி மதிப்பை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக (தசமங்களைத் தோராயமாக வைக்கும் வகையில்) வைக்காதீர்கள். பெரும்பாலான மொழிகளில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ, துல்லியத் தசம வகையிலோ வையுங்கள். கூடவே எந்த நாணயம் என்பதற்கு ஒரு புலம்.

முதன்மைச் சாவிக்கு (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் மதிப்புக்கு) வரிசை எண், யூயுஐடி (எங்கும் மோதாதபடி உருவாக்கும் நீண்ட அடையாளம்) இரண்டுமே சரி. 2024இல் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் மூலம் தரப்படுத்தப்பட்ட யூயுஐடி ஏழாம் பதிப்பு நேர வரிசையில் அமைவதால், முழுக்கத் தற்செயலாக அமையும் நான்காம் பதிப்பைப் போல இண்டெக்ஸில் எழுதும் இடங்களைச் சிதறடிக்காது. இதில் நீண்ட விவாதம் வேண்டாம்.

படி 3: ஒரே செயலி, உள்ளே உறுதியான எல்லைகள்

இங்குதான் மைக்ரோசர்வீஸ் விவாதம் வருகிறது. ஒரு குழு எழுதும் புதிய செயலிக்கு என் பதில் ஒன்றுதான்: ஒரே செயலியாக எழுதி, ஒரே அலகாக வெளியிடுங்கள். எண்ணிலிருந்தே காரணத்தைப் பார்க்கலாம். ஒரு சேவை 99.9 சதவீத நேரம் இயங்குகிறது என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் நின்றிருக்கும். ஒரு கோரிக்கையை முடிக்க அப்படிப்பட்ட ஐந்து சேவைகளும் தேவை, அவை தனித்தனியே நிற்கக்கூடியவை என்றால், மொத்தம் 99.5 சதவீதம் ஆகிவிடும். 30 நாளில் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். அதோடு, ஒரு பரிவர்த்தனையில் முடிந்த வேலை இப்போது ஐந்து தரவுத்தளங்களில் பாதி முடிந்து பாதி நிற்கும் நிலைக்கு வரும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச் 1990களில் தொகுத்த தவறான நம்பிக்கைகளின் பட்டியலில் முதல் இரண்டு: நெட்வொர்க் நம்பகமானது, தாமதம் பூஜ்யம். ஒரு ஃபங்ஷன் அழைப்பை நெட்வொர்க் அழைப்பாக மாற்றும் ஒவ்வொரு முறையும் இவ்விரண்டு நம்பிக்கைகளுக்கும் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.

ஒரே செயலி என்றால் எல்லாம் கலந்து கிடக்கலாம் என்று பொருளல்ல. பலரும் மோனோலித்தின் (ஒரே அலகான செயலியின்) தலையில் சுமத்தும் குற்றங்கள் உண்மையில் எல்லையின்மையால் வருபவை. எல்லையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரை தரும் விடையைவிடச் சிறந்ததை நான் இன்னும் கண்டதில்லை: வேலையின் படிநிலைகளை வைத்துப் பிரிக்காதீர்கள், மாறக்கூடிய ஒவ்வொரு வடிவமைப்பு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் (நிரலின் தனிப் பகுதிக்குள்) மறைத்து வையுங்கள்.

நம் செயலியில் எவை மாறும்? கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் மாறலாம். நினைவூட்டல் குறுஞ்செய்தியிலிருந்து மின்னஞ்சலுக்கு மாறலாம். ஒரு மருத்துவர் எந்த நேரங்களில் கிடைப்பார் என்ற விதிகள் நிச்சயமாக மாறும்: விடுமுறை, பாதி நாள், இரு இடங்களில் பணி. எனவே நேர அட்டவணை, முன்பதிவு, கட்டணம், அறிவிப்பு, பயனர் என்று ஐந்து மாட்யூல்கள். கட்டண நிறுவனத்தின் பெயர் கட்டண மாட்யூலுக்கு வெளியே ஒரு கோப்பிலும் வரக்கூடாது. ஒரு மாட்யூலின் அட்டவணைகளை இன்னொரு மாட்யூல் நேரடியாகத் தொடக்கூடாது. அதன் வெளிப்படையான ஃபங்ஷன்கள் வழியாகவே கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் முதலில் மீறப்படும். அறிக்கை ஒன்றுக்காக யாரோ இரண்டு மாட்யூல்களின் அட்டவணைகளை ஒரே வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) இணைப்பார். வாய்மொழி ஒப்பந்தம் இதைத் தடுக்காது. எந்த மாட்யூல் எதை இறக்குமதி செய்யலாம் என்பதைச் சரிபார்க்கும் கருவியைத் தானியங்கிச் சோதனையில் சேருங்கள். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தரவுத்தளத்தில் தனி ஸ்கீமா (அட்டவணைகளின் தனித் தொகுப்பு) கொடுங்கள். அறிக்கைகளுக்கு என்று ஒரு வாசிப்பு மாட்யூலை வெளிப்படையாக வைத்து, அது மட்டும் எல்லா ஸ்கீமாக்களையும் வாசிக்க அனுமதிப்பது நடைமுறைக்கு ஏற்ற சமரசம்.

மெல்வின் கான்வே 1968இல் எழுதியதும் இங்கே பொருந்தும்: ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு வடிவத்தையே ஒத்திருக்கும். நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதும் செயலிக்குப் பன்னிரண்டு சேவைகள் இருந்தால், அந்த எல்லைகளைக் காக்க ஆளில்லை.

படி 4: திரையை எங்கே உருவாக்குவது

சர்வரிலேயே எச்டிஎம்எல் உருவாக்கி அனுப்புவதா, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் செயலியா? பயனர் ஒரே திரையில் நீண்ட நேரம் உட்கார்ந்து இழுத்து, வரைந்து, திருத்தி வேலை செய்கிறார் என்றால் இரண்டாவது. பார்க்கிறார், படிவம் நிரப்புகிறார், போகிறார் என்றால் முதலாவது. முதல் திரை விரைவாக வரும், பழைய கைபேசியிலும் ஓடும், தேடுபொறிகள் எளிதில் வாசிக்கும். நம் செயலியில் நோயாளியின் பக்கங்கள் சர்வரில் உருவாகலாம். மருத்துவரின் வாராந்திர நாட்காட்டித் திரை மட்டும் பிரவுசரில் ஓடலாம். செயலி முழுவதற்கும் ஒரே விடை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரவு சரியாக இருந்தால் இந்த முடிவைப் பின்னால் மாற்றலாம் என்பதால் இதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம்.

படி 5: ஏபிஐயும் இரண்டாம் முறை வரும் கோரிக்கையும்

ஏபிஐயில், அதாவது மற்ற நிரல்கள் சர்வரை அழைக்கும் வழியில், முகவரிகளுக்குப் பெயர் வைப்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்விக்குப் பல குழுக்களிடம் பதில் இல்லை: அதே கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்? கட்டாயம் வரும். பயனர் பொத்தானை இருமுறை அழுத்துவார். சர்வர் வேலையை முடித்தபிறகு, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்து, பிரவுசர் மறுபடி அனுப்பும். எச்டிடிபி தரத்தின்படி கெட் (வாசி), புட் (மாற்றி வை), டெலீட் (நீக்கு) முறைகளைத் திரும்ப அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பியதன் விளைவே இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப் பயன்படும் போஸ்டுக்கு அந்த உறுதி இல்லை. நம் செயலியில் முன்பதிவும் கட்டணமும் போஸ்ட்தான்.

எனவே படிவத்தைத் திறக்கும்போதே ஒரு தனித்துவச் சாவியை உருவாக்கி, கோரிக்கையோடு அனுப்பச் சொல்லுங்கள். சர்வர் அந்தச் சாவியை யூனிக் கட்டுப்பாடுள்ள அட்டவணையில், முன்பதிவு எழுதப்படும் அதே பரிவர்த்தனையில் பதிவு செய்யட்டும். அதே சாவி மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல், முதலில் அனுப்பிய பதிலையே அனுப்புங்கள்.

கட்டணம் இன்னும் கடினம். ஏனென்றால் கட்டண நிறுவனத்தின் கணினி உங்கள் பரிவர்த்தனைக்குள் வராது. முதலில் "முயற்சி தொடங்கியது" என்று ஒரு வரிசை எழுதி உறுதிசெய்யுங்கள். பிறகு வெளியே அழைப்பு அனுப்புங்கள், அதே சாவியோடு. பதில் வந்ததும் வரிசையைப் புதுப்பியுங்கள். பதில் வராமல் நேரம் கடந்தால் அதைத் தோல்வி என்று பதியாதீர்கள். பணம் எடுக்கப்பட்டதா இல்லையா என்பது தெரியாது, அவ்வளவுதான். "தெரியாது" என்பதே அட்டவணையில் ஒரு தனி நிலையாக இருக்க வேண்டும். பின்னணி வேலை ஒன்று அந்த வரிசைகளை எடுத்து, கட்டண நிறுவனத்திடம் நிலையைக் கேட்டு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றாவது நிலையை விட்டுவிட்ட செயலிகளில்தான் பணம் போய், முன்பதிவு கிடைக்காத புகார்கள் குவிகின்றன.

பணம் செலுத்தும்வரை அந்த நேரத்தைப் பிடித்துவைக்கவும் வேண்டும். "காத்திருப்பு" நிலையும், பத்து நிமிடக் காலாவதியும் கொடுக்கலாம். காலாவதியானதைப் பகுதி இண்டெக்ஸின் நிபந்தனையிலேயே "இப்போதைய நேரத்தைவிடப் பழையது" என்று எழுத முடியாது. அந்த நிபந்தனையில் மாறாத மதிப்பைத் தரும் ஃபங்ஷன்களை மட்டுமே போஸ்ட்கிரெஸ் ஏற்கும். அதனால் காலாவதியான வரிசைகளை "கைவிடப்பட்டது" என்று மாற்றும் ஒரு படி தேவை. புதிய முன்பதிவைச் சேர்ப்பதற்குச் சற்று முன் அதே பரிவர்த்தனையில் அதைச் செய்வது எளிது. காலாவதியான பின் பணம் வந்து சேர்ந்தால்? நேரம் இன்னும் காலியாக இருந்தால் உறுதி செய்யலாம், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். இது நிரலாளர் தனியாக எடுக்கும் முடிவல்ல. சேவையை நடத்துபவரிடம் கேட்டு எழுதிவாங்குங்கள்.

படி 6: பின்னணி வேலைகள்

முன்பதிவு உறுதியானதும் செய்தி அனுப்ப வேண்டும். பரிவர்த்தனைக்குள்ளேயே அனுப்பினால், பரிவர்த்தனை தோற்றாலும் செய்தி போயிருக்கும். பரிவர்த்தனை முடிந்தபின் அனுப்பினால், இடையில் சர்வர் விழுந்தால் செய்தி போகாது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழி அவுட்பாக்ஸ்: அனுப்ப வேண்டிய செய்தியை, முன்பதிவு எழுதப்படும் அதே பரிவர்த்தனையில், ஓர் அட்டவணையில் வரிசையாக எழுதுங்கள். தனி நிரல் ஒன்று அந்த அட்டவணையைப் படித்து அனுப்பட்டும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது.

இதற்கு, வேலைகளை வரிசைப்படுத்தித் தரும் தனி கியூ மென்பொருள் தொடக்கத்தில் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் 9.5இல் வந்த ஸ்கிப் லாக்டு வசதியால் பல நிரல்கள் ஒரே அட்டவணையிலிருந்து, ஒன்றையொன்று தடுக்காமல், வெவ்வேறு வரிசைகளை எடுத்துக்கொள்ள முடியும். அனுப்பியபின், "அனுப்பியாயிற்று" என்று குறிப்பதற்கு முன் நிரல் விழுந்தால் செய்தி இரண்டாம் முறை போகும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். நினைவூட்டல் இருமுறை வந்தால் பெரிய தீங்கில்லை. வேறு வேலைகளுக்குப் பெறுபவர் பக்கத்திலும் சாவி வைத்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும்.

தோற்ற வேலையை மறுபடி முயலும்போது இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள், அதில் சிறிது தற்செயல் தாமதமும் சேருங்கள். இல்லையென்றால் விழுந்து எழும் சேவையின்மேல் எல்லா நிரல்களும் ஒரே விநாடியில் பாய்ந்து அதை மறுபடி வீழ்த்தும்.

படி 7: யார் வருகிறார், எதைத் தொடலாம்

பிரவுசரில் பயன்படுத்தும் செயலிக்கு சர்வரில் சேமித்த அமர்வும் (உள்நுழைந்தவர் யார் என்ற பதிவு), தவறான பயன்பாட்டைக் கடினமாக்கும் எச்டிடிபிஒன்லி, செக்யூர், சேம்சைட் பண்புகளோடு கூடிய குக்கீயும் போதும். ஜேடபிள்யூடி டோக்கன்கள் (பயனர் விவரத்தைக் கையொப்பத்தோடு சுமக்கும் சீட்டுகள்) சேவைகளுக்கு இடையே அடையாளம் சொல்ல ஏற்றவை. பயனரின் அமர்வுக்கு அவற்றைப் பயன்படுத்தினால், கைபேசியைத் தொலைத்தவரின் டோக்கனை உடனே செல்லாததாக்க ஒரு தடைப்பட்டியல் வைக்க வேண்டிவரும். கோரிக்கைதோறும் அதைச் சரிபார்க்க வேண்டும். சர்வரில் தேடுவதைத் தவிர்ப்பதுதான் அந்த டோக்கனின் முக்கிய ஆதாயம். அது அங்கேயே போய்விடுகிறது. கடவுச்சொல்லைத் திருப்பி அறிய முடியாத வடிவில் சேமிக்க, 2015இல் கடவுச்சொல் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 அல்லது பல ஆண்டுகள் சோதிக்கப்பட்ட பிகிரிப்ட். சொந்தமாக எதையும் உருவாக்காதீர்கள்.

உள்ளே வந்தவர் எதைத் தொடலாம் என்பதில்தான் உண்மையான ஆபத்து. வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021இல் வெளியிட்ட முதன்மைப் பத்து ஆபத்துகளில் முதலிடம் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைகளுக்குத்தான். நோயாளி தன் முன்பதிவுப் பக்கத்தின் முகவரியில் 4512 என்பதை 4513 என்று மாற்றினால் அடுத்தவரின் பக்கம் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாகச் சரிபார்ப்பு எழுதினால் ஒரு பக்கத்தில் மறந்துபோவது உறுதி. முன்பதிவை எடுத்துத்தரும் ஃபங்ஷனே "யாருக்காக" என்பதைக் கட்டாய அளவுருவாகக் கேட்கட்டும். வினவலிலேயே அந்த நிபந்தனை இருக்கட்டும். அனுமதியில்லாத எண்ணுக்கு 404 ("அப்படி எதுவும் இல்லை") அனுப்புங்கள். அப்படி ஒரு பதிவு இருக்கிறது என்ற தகவல்கூட வெளியே போக வேண்டாம்.

படி 8: கேஷ்

கேஷ் என்பது அடிக்கடி கேட்கப்படும் பதிலைத் தற்காலிகமாகச் சேமித்து வைப்பது; அதை முடிந்தவரை தாமதமாகச் சேருங்கள். மெதுவான வினவலுக்கு முதல் மருந்து இண்டெக்ஸ். அடுத்து எச்டிடிபியிலேயே உள்ள வசதிகள்: கோப்பின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) சேர்த்து, ஓராண்டு சேமிக்கச் சொல்லும் எச்டிடிபி தலைப்பை அனுப்பினால் நிலையான கோப்புகளின் பிரச்சினை முடிந்தது. அதற்குப் பிறகே ரெடிஸ் போன்ற தனி கேஷ் மென்பொருள்கள். மருத்துவர் பட்டியல் ஒரு நிமிடம் பழையதாக இருக்கலாம் என்று முதல் படியில் எழுதியிருக்கிறோம். அதைத் தாராளமாக கேஷ் செய்யலாம். காலி நேரங்களைக் காட்டும் திரையையும் சில விநாடிகள் கேஷ் செய்யலாம், ஏனென்றால் இறுதி முடிவு தரவுத்தளக் கட்டுப்பாட்டிடம் இருக்கிறது. ஒருவருக்கே உரிய பக்கங்களைப் பொதுவான கேஷில் வைக்கவே கூடாது.

படி 9: முடிவை எழுதிவைப்பது

மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் பரிந்துரைத்த முறை எளிமையானது, அதனாலேயே நிலைத்திருக்கிறது: ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு, நிரலோடு அதே களஞ்சியத்தில். தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள். நம் செயலியில் ஒன்று இப்படி இருக்கும்: "சூழல்: நாளுக்கு 30,000 முன்பதிவுகள், ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுக்கக் கூடாது. முடிவு: விலக்குக் கட்டுப்பாடு மூலம் தரவுத்தளத்திலேயே தடுப்போம். விளைவு: போஸ்ட்கிரெஸை விட்டு வேறு தரவுத்தளத்துக்குப் போவது கடினமாகும்; அதை ஏற்கிறோம்."

கடைசிப் பகுதியை நேர்மையாக எழுதுங்கள். குறையே இல்லாத முடிவு என்று எழுதப்பட்டிருந்தால் மாற்று வழிகளை யாரும் யோசிக்கவில்லை என்றுதான் பொருள். பழைய கோப்பைத் திருத்தாமல், புதிய கோப்பு எழுதி, பழையதில் "இதற்கு மாற்று இன்ன எண்" என்று குறியுங்கள். ஈராண்டு கழித்துப் புதிதாகச் சேர்பவர் "ஏன் இப்படிச் செய்தார்கள்" என்று கேட்கும்போது, விடை தெரிந்தவர் குழுவில் இல்லாமல் போகலாம்.

படி 10: ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது

புதிய பதிப்பை வெளியிடும் சில நிமிடங்களில் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே தரவுத்தளத்தில் சேர்ந்து ஓடும். எனவே தரவுத்தள மாற்றம் ஒவ்வொன்றும் இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். "பெயர்" என்ற ஒரு புலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டுமா? முதல் வெளியீட்டில் புதிய புலங்களைச் சேர்க்கவும், வெறுமையாக. இரண்டாவதில் நிரல் பழையதிலும் புதியதிலும் எழுதட்டும். பழைய வரிசைகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் பின்னணியில் நிரப்புங்கள். மூன்றாவதில் புதியதிலிருந்து மட்டும் வாசியுங்கள். பழையதை யாரும் வாசிக்கவில்லை என்று உறுதியான பின், அதில் எழுதுவதையும் நிறுத்திவிட்டு நீக்குங்கள். ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை இரண்டு வாரம் ஆகும்தான். ஆனால் எந்தக் கட்டத்திலும் ஒரு படி பின்னால் போக முடியும்.

பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் சேர்க்கும்போது, எழுதுவதைத் தடுக்காத கன்கரண்ட்லி வகையைப் பயன்படுத்துங்கள். அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்குப் பூட்டுக் காத்திருப்பு வரம்பு வையுங்கள். வரம்பில்லாத கட்டளை நீண்ட வினவலுக்குப் பின்னால் காத்து நிற்கும், அதன் பின்னால் செயலியின் எல்லா வினவல்களும் காத்து நிற்கும்.

காப்புப்பிரதி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதை ஒரு காலி இயந்திரத்தில் மீட்டு, செயலியை அதனுடன் இணைத்து, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவைக்க வேண்டும். கால அட்டவணை போட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது தொடும் எல்லா லாக் (செயலியின் நிகழ்வுப் பதிவு) வரிகளிலும் அந்த எண் வரும்படி செய்யுங்கள். நோயாளியின் பெயரோ நோயோ லாகில் வரக்கூடாது. பதில் நேரத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள். மிக மெதுவாகப் பதில் பெற்ற ஒரு சதவீதத்தினர் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

படி 11: ஒரு பகுதியைப் பிரித்தெடுப்பது

ஒரே செயலியாகத் தொடங்கியது என்றென்றும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. பிரிப்பதற்கு உறுதியான காரணங்கள் சில உண்டு. ஒரு பகுதிக்கு மட்டும் முற்றிலும் வேறு வகை இயந்திரம் தேவைப்படுவது: எக்ஸ்ரே படங்களைச் செயலாக்கும் வேலை நினைவகத்தை விழுங்கி, முன்பதிவையும் மெதுவாக்குகிறது என்றால் அதைப் பிரிக்கலாம். ஒரு பகுதிக்குத் தனிப் பாதுகாப்புத் தணிக்கை தேவைப்படுவது: கட்டண அட்டை விவரங்களைத் தொடும் பகுதி சிறியதாகவும் தனியாகவும் இருந்தால் தணிக்கை எல்லை சுருங்கும். ஒருவர் வெளியீட்டுக்காக இன்னொருவர் காத்திருக்கும் அளவுக்குக் குழுக்கள் பெருகுவது. "நிரல் பெரிதாகிவிட்டது" என்பது மட்டும் காரணமாகாது. எல்லை இல்லாத பெரிய நிரலைப் பிரித்தால் அதே குழப்பம் நெட்வொர்க்கின் இருபுறமும் பரவும்.

பிரிக்கும் வரிசையிலும் தரவே முதலில் வரும். நம் செயலியில் அறிவிப்பு மாட்யூலை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் அட்டவணைகளை வேறெந்த மாட்யூலும் வாசிக்கவில்லை என்பதை, தரவுத்தளப் பயனர் அனுமதியையே நீக்கிச் சரிபாருங்கள். பிறகு அதன் ஸ்கீமாவைத் தனித் தரவுத்தளத்துக்கு நகர்த்துங்கள். நிரல் இன்னும் அதே செயலிக்குள்தான் ஓடுகிறது. அது சில வாரம் அமைதியாக ஓடினால், அவுட்பாக்ஸ் அட்டவணையைப் படிக்கும் நிரலைத் தனிச் சேவையாக வெளியே எடுங்கள். மற்ற மாட்யூல்கள் ஏற்கெனவே அவுட்பாக்ஸில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்வதால் அவற்றில் ஒரு வரிகூட மாறாது. அறிவிப்புச் சேவை ஒரு மணி நேரம் விழுந்து கிடந்தாலும் முன்பதிவுகள் நடந்துகொண்டே இருக்கும். எழுந்ததும் தேங்கியதை அது அனுப்பி முடிக்கும். முன்பதிவையும் நேர அட்டவணையையும் இப்படிப் பிரிக்க முடியாது, ஏனென்றால் காலி நேரம் பார்ப்பதும் அதைப் பிடிப்பதும் ஒரே பரிவர்த்தனையில் நடக்க வேண்டும். அவை இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.